அப்பத்தா வடிகட்டிய தண்ணீர்

எங்கள் அப்பத்தாவுக்கு இடது கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு தழும்பு இருந்தது. பழைய நாலணாக் காசு அகலம். சுற்றிலும் தோல் சுருங்கியிருக்கும். நடுவில் மட்டும் வழவழவென்று மினுங்கும். சாயங்காலம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது நான் அதை விரலால் தடவிப் பார்ப்பேன். "நரம்புச் சிலந்தி வந்த எடம்டா அது" என்பார். பன்னிரண்டு வயதில் வந்ததாம். முதலில் ஒரு கொப்புளம், நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல். கொப்புளம் உடைந்ததும் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலை காட்டியதாம். அதை விளக்குமாற்றுக் குச்சியில் பிடித்து, நாளைக்கு ஒரு விரற்கடை வீதம் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் கட்டிவிடும். "முழுசா வெளிய வர ஒரு மாசமாச்சு. அது வரைக்கும் குச்சியக் காலோட கட்டிக்கிட்டே கெடந்தேன்" என்று ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கதைபோலச் சொல்வார்.

அப்போது கீழச்சிவல்பட்டியில் குடிக்கிற தண்ணீர் ஊருணித் தண்ணீர்தான். சுற்றுப்பட்டிலும் அப்படித்தான். சிவகங்கை தனி மாவட்டமாகாத காலம். இராமநாதபுரம் ஜில்லா என்றால் தண்ணீருக்குத் தவம் கிடக்கிற ஜில்லா என்று அர்த்தம். ஊருணியில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, காலை நனைக்கவும் கூடாது. மழை பெய்த புதிதில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்பக்கம் தேய்த்துவிட்டு ஊற்றி வைத்தால் காலையில் தெளிந்திருக்கும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் அப்பத்தா அதற்கு முன்பே இன்னொன்றும் செய்வார். குடத்து வாயில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டி, அதன் வழியாகத்தான் தண்ணீரை ஊற்றுவார். தெளிந்த தண்ணீரை எதற்கு வடிகட்டுகிறாய் என்று கேட்டால், "சீவன் கெடக்கும்டா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்பார்.

அந்தச் சீவனைப் பார்க்க எனக்கு அறுபது வயது ஆகவேண்டியிருந்தது. இத்தனைக்கும் என் உத்தியோகமே நுண்ணோக்கியோடுதான். ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் 31 வருஷம் ஆய்வக உதவியாளர். லென்ஸ் துடைப்பது, ஸ்லைடு எடுத்துவைப்பது, பிள்ளைகள் உடைத்ததைப் பதிவேட்டில் ஏற்றுவது. பார்ப்பது பிள்ளைகளின் வேலை. துடைப்பது என் வேலை. ஓய்வு பெற்றபின் அம்பாலாவில் செய்த ஒரு பழைய மாணவர் நுண்ணோக்கியை வாங்கினேன். கைபேசியை அதன் கண்ணாடிக் குழல்மேல் பொருத்துவதற்குத் தச்சர் ஒருவர் மரத்தில் ஒரு பிடி செய்து கொடுத்தார். ஊருணியில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்தேன். அன்று தொடங்கியது.

அப்பத்தா சொன்ன சீவனுக்குப் பெயர் சைக்ளாப்ஸ். கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். இதற்கும் நெற்றி நடுவில் செம்புள்ளியாக ஒரே கண். நீளம் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு. இறால் வகையறாவுக்குத் தூரத்துச் சொந்தம். கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரில் வெறுங்கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். விட்டு விட்டுத் துள்ளும். சைக்ளாப்ஸ் தானாக யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நரம்புச் சிலந்தி வந்தவர் எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நேரம் பார்த்துப் புழு தன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் தண்ணீரில் விடும். சைக்ளாப்ஸ் அவற்றைத் தின்னும். குஞ்சுகள் சாகாமல் அதன் உடம்புக்குள்ளேயே இரண்டு வாரத்தில் வளர்ந்து தயாராகும். சைக்ளாப்ஸோடு சேர்த்து அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும் புழு காலில் கொப்புளம் கட்டிக்கொண்டு வெளியே வரும். குடித்ததற்கும் கொப்புளத்துக்கும் நடுவே ஒரு வருஷம் இடைவெளி இருந்தால் யாருக்குத்தான் காரணம் பிடிபடும்?

பிடித்தவர் ஒரு ரஷ்யர். அலெக்ஸேய் ஃபெத்சென்கோ என்று பெயர். 1870 வாக்கில் துர்க்கிஸ்தானத்தில், சமர்கண்டு பக்கம், இந்தப் புழுவின் குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடம்புக்குள் புகுந்து வளர்வதைக் கண்டு எழுதினார். 1873-இல் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் பக்கம் பனியில் சிக்கி இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. சைக்ளாப்ஸின் உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால்தான் வெட்டிப் பார்க்காமலே உள்ளே நெளிவதை அவரால் காண முடிந்தது.

ஆனால் படம் எடுக்கிறவனுக்கு அதே கண்ணாடி உடம்புதான் தலைவலி. என் முதல் படங்களைப் பார்த்த மகன் "எங்கப்பா இருக்கு?" என்று கேட்டான். கீழிருந்து நேராக வெளிச்சம் விட்டால், அது சைக்ளாப்ஸுக்குள் புகுந்து மேலே வந்துவிடுகிறது. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோலம். கல்லூரியில் சாயமேற்றிய ஸ்லைடுகளையே துடைத்துப் பழகியவனுக்கு இது புதுசு. சாயம் போட்டால் உயிர் போய்விடும். உயிரோடு பார்க்கவேண்டுமானால் மாற்ற வேண்டியது வெளிச்சத்தைத்தான். இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டு புத்தகங்களைப் புரட்டினால், 300 வருஷமாக இதே வேலையாக அலைந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

முதல் ஆள் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஊரைச் சேர்ந்த ஜவுளி வியாபாரி லேவன்ஹூக். 1632-இல் பிறந்தவர். துணியின் இழையை எண்ணிப் பார்க்க அந்தக் கால ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் அதைவிடச் சிறிதாகத் தானே லென்ஸ் செய்தார். 1674-இல் ஏரித் தண்ணீரில் பச்சைப் பாசி இழைகளையும் நெளியும் உயிர்களையும் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்க்க மிளகை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவைக் கண்டது 1676-இல். டச்சுக் கம்பெனிக்கு அப்போது நம் பழவேற்காட்டில் கோட்டை. துணி இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போனது. நம் நெசவு அவர் லென்ஸுக்குக் கீழே ஒரு தடவையாவது போயிருக்காதா என்று எனக்கு ஒரு நப்பாசை. அது கிடக்கட்டும். மிகச் சிறியவற்றைப் பார்க்கத் தான் கையாளும் வழியை மட்டும் அவர் யாருக்கும் சொல்லாமலே போய்விட்டார். லென்ஸைக் காட்டுவார், சூட்சுமத்தைக் காட்டமாட்டார். அந்தச் சூட்சுமம் வெளிச்சம் விடும் விதத்தில்தான் இருந்திருக்கும் என்று பின்னால் வந்த சிலர் ஊகிக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

வெளிச்சத்தை மாற்றுவதில் எளிய வழி, அதைச் சாய்ப்பது. நுண்ணோக்கியின் அடியில் இருக்கும் கண்ணாடியைச் சற்றுத் திருப்பி ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விட்டால் போதும். நம் வீட்டு முட்டைச் சுண்ணாம்புச் சுவர் மத்தியானத்தில் வழுவழு என்றிருக்கும். காலை வெயில் சாய்ந்து விழும்போது கரணை ஓடிய தடமெல்லாம் தெரியும். தேய்ந்த கல்வெட்டைப் படிக்கிறவர்களும் விளக்கைச் சாய்த்துத்தான் பிடிப்பார்கள். சைக்ளாப்ஸின் முதுகில் கணுக்கணுவாக ஓடும் வரிகள் எனக்கு முதலில் தெரிந்தது இப்படித்தான்.

இன்னும் கொஞ்சம் துணிந்தால் நேர் வெளிச்சத்தை அடியோடு மறைத்துவிடலாம். கறுப்புத் தாளை வட்டமாக வெட்டி, கண்டென்சருக்குக் கீழே நட்டநடுவில் வைக்கவேண்டும். நடுக்கதிர் தடைபட்டுவிடும், ஓரத்துக் கதிர்கள் மட்டும் சரிந்து வந்து லென்ஸுக்குள் போகாமல் விலகிப்போய்விடும். தண்ணீரில் ஒன்றுமில்லை என்றால் ஒரே இருட்டு. ஓர் உயிர் குறுக்கே வந்தால் அதன்மேல் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் லென்ஸுக்குள் வரும். வளவு வீட்டில் ஓட்டுப் பொத்தல் வழியே விழும் வெயில் கம்பத்தில் தூசி மின்னுவதைப் பார்க்காதவர் நம்மில் யார்? அதேதான். 1850-களில் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் வென்ஹாம் என்பவர் இதற்கென்று வளைந்த கண்ணாடியெல்லாம் செய்தார். பிற்பாடு விமான ஆராய்ச்சியில் இறங்கி, உலகின் முதல் காற்றுச் சுரங்கத்தை 1871-இல் அமைத்தவரும் இவர்தான்.

கறுப்புத் தாளை வைத்துக் குனிந்து பார்த்தபோது ராத்திரி பத்து மணி இருக்கும். கன்னங்கரேல் என்ற வானத்தில் வெள்ளி விளக்கு மாதிரி சைக்ளாப்ஸ் மிதந்தது. பெண். இரண்டு பக்கமும் இரண்டு முட்டைப் பைகள், ஒவ்வொன்றிலும் மணிமணியாக முட்டைகள். ஊருணியிலிருந்து இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குடம் தூக்கிவரும் பெண் மாதிரியே இருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுப்பிக் காட்ட ஆளில்லை. பக்கத்தில் நெளிந்த மெல்லிய இழை ஒன்றைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு கலக்கம். சாதாரண நீர்ப்புழுதான். நரம்புச் சிலந்தி நாட்டைவிட்டே போய்விட்டது என்று தெரிந்தும் கலக்கம் போகச் சற்று நேரமானது.

கறுப்புத் தாளுக்குப் பதில் நீலக் கண்ணாடித் தாளை நடுவிலும், மஞ்சள் தாளை அதைச் சுற்றி வளையமாகவும் வைத்தால் நீல வானத்தில் பொன்னிறச் சைக்ளாப்ஸ் கிடைக்கும். ஜூலியஸ் ரைன்பெர்க் 1896-இல் சொன்ன வழி. நான் மிட்டாய் சுற்றிவந்த தாளிலேயே செய்தேன். முகப்பில் ஜன்னலுக்கு மேல் வண்ணக் கண்ணாடி பதித்த வீடுகளில், நேரம் போகப்போக நீலமும் சிவப்பும் தரையில் நகர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு குறைவாகத்தான் இருக்கும். அழகு உண்டு, புதிய விவரம் கொஞ்சம்தான். படம் கேட்டு வாங்கிப்போகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்!

தளவிளைவுற்ற ஒளி என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதற்கும் ஒரு வேலை உண்டு. 1984-இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்துக்குக் கண்ணாடி கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? வாசலில் திருப்பிக் கொடுக்காமல் வந்த ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. (யார் கொண்டுவந்தது என்று இப்போது கேட்டுப் பயனில்லை.) அதைப் பிரித்து, ஒரு வில்லையை விளக்கின்மேலும் மற்றதைக் கைபேசிக்குக் கீழும் வைத்து, முழு இருட்டு ஆகும்வரை திருப்பினேன். அந்த இருட்டில் சைக்ளாப்ஸின் உடம்பு மறைந்துபோய்த் தசைநார்கள் மட்டும் ஒளிர்ந்தன. துள்ளுகிற ஒவ்வொரு துள்ளலுக்கும் எந்த நார் இழுக்கிறது என்று எண்ணிவிடலாம் போலிருந்தது.

நான் செய்து பார்க்காத வழி ஒன்று உண்டு. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒளி கண்ணாடி உடம்புக்குள் போகும்போது மங்குவதில்லை, ஆனால் கொஞ்சம் தாமதப்படுகிறது. அந்தத் தாமதம் நம் கண்ணுக்குத் தெரியாது. நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் செர்னிக் அந்தத் தாமதத்தை வெளிச்சமாகவும் நிழலாகவும் மாற்றிக்காட்ட ஒரு வளைய அமைப்பைக் கண்டார். 1932-இல் ஜெர்மனியின் பெரிய லென்ஸ் கம்பெனியான ட்சைஸுக்கு எடுத்துப்போனார். இதில் உபயோகம் இருந்திருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போமே என்றாராம் அங்கிருந்த மூத்தவர் ஒருவர். 1941-இல்தான், யுத்தத்தின் நடுவே, அந்த நுண்ணோக்கி தயாரிப்புக்கு வந்தது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு. அதே வருஷம் ஜனவரியில்தான் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் திறக்கப்பட்டது. டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

நான் வேலை பார்த்த கல்லூரிக்கு 80-களில் ஏதோ நிதியில் இந்த வகை லென்ஸ் ஒரு தொகுதி வந்தது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன், அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உடைந்தால் யார் பணம் கட்டுவது என்ற பயத்தில் யாரும் திறக்கச் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான். சாவி என்னிடம்தானே இருந்தது. வருஷா வருஷம் தணிக்கைக்குப் பெட்டியைக் காட்டுவோம், மூடுவோம். பல வருஷம் கழித்துப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டபோது திறந்தால், லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தது. செர்னிக் பத்து வருஷம் காத்திருந்தார். அந்தப் பெட்டி அதைவிட அதிகம் காத்திருந்தது.

படமெடுக்கும் கதையும் பழையதுதான். பாரிஸில் டோனே என்ற மருத்துவரும் ஃபூக்கோவும் 1840-களிலேயே வெயிலை நுண்ணோக்கிக்குள் செலுத்தி வெள்ளித் தகட்டில் படம் பிடித்தார்கள். அன்றைய தகட்டுக்குத் துள்ளுகிற பிராணியைப் பிடிக்கும் வேகம் கிடையாது. இன்று எல்லா நுண்ணோக்கியிலும் இருக்கும் சீரான வெளிச்ச ஏற்பாட்டை 1893-இல் கோலர் வகுத்ததே நல்ல புகைப்படம் வேண்டும் என்பதற்காகத்தான். நம் சென்னையில் பாசிகளை ஆராய்ந்த எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) காலத்தில் படமென்றால் பெரும்பாலும் கைச்சித்திரம். தென்னிந்தியக் குளங்களின் வால்வாக்ஸ் போன்ற உருண்டைப் பாசிகளைப் பற்றி 1933-இல் அவர் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எஸ்.வி. கணபதி என்ற ஆய்வாளர், நிரந்தரமாகப் பச்சைப் பாசி பூத்துக் கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றியே 1940-இல் தனிக் கட்டுரை எழுதினார். ஐயங்காரின் வழியில் வந்த தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளுக்கு 1959-இல் பெரும் நூல் எழுதியதோடு, டயாட்டம்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிப்பதிலும் இறங்கினார். ஊர்ப்பக்கம் எல்லோரும் பாசி வழுக்குகிறது என்று திட்டிக்கொண்டிருந்த குளங்களின் சரித்திரம் இப்படிச் சென்னையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

என் தொழில்நுட்பம் அவ்வளவு பெரிதல்ல. சைக்ளாப்ஸ் ஓடாமலிருக்க ஸ்லைடில் நாலு பஞ்சு இழையைப் பிரித்துப் போடுவேன். அதற்குள் சிறைப்பட்டு நிற்கும். தண்ணீர் அதிகமென்றால் மை ஒற்றும் தாளை ஓரத்தில் வைத்து உறிஞ்சுவேன். அதிகம் உறிஞ்சினால் நசுங்கிவிடும். அந்தப் பாவமும் சில உண்டு. விளக்குச் சூட்டில் சொட்டு காய்வதற்குள், நாலைந்து நிமிஷத்தில், எடுத்து முடிக்கவேண்டும். பிறகு சொட்டைத் தண்ணீர்ச் சட்டியில் கழுவி விட்டுவிடுவேன்.

நரம்புச் சிலந்தியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1930-களில் மைசூர் சமஸ்தானத்துச் சித்திரதுர்க்கம் பக்கம் மூர்த்தி என்ற ஆராய்ச்சியாளர் இந்த நோயை ஆராய்ந்தார். சைக்ளாப்ஸைத் தின்னும் சிறு மீன்களைக் கிணற்றில் விட்டுப் பார்க்கும் முயற்சியும் அப்போது நடந்தது. ஒழிப்புத் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது 1983–84-இல். படிக்கிணறுகளை மூடி அடிபம்பு வைத்தார்கள், தண்ணீருக்கு மருந்திட்டார்கள், துணியால் வடிகட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாடு முன்னதாகவே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி ராஜஸ்தானில், 1996-இல். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்நோய் இல்லையென்று சான்று கொடுத்தது. இதற்குத் தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்லும் மாத்திரையும் கிடையாது. மடித்த துணி பெரிய ஆயுதமாக இருந்தது. அப்பத்தா 1971-லேயே போய்விட்டார். தன் வேட்டித் துணி சர்க்கார் திட்டத்தில் சேர்ந்தது அவருக்குத் தெரியாது.

போன மாசம் எங்கள் தெருவில் ஓர் அயித்தையைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்தாறு வயது. அவருக்கும் முழங்காலுக்குக் கீழே அதே தழும்பு. இருட்டுப் பின்னணியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். இதைக் குடித்ததால்தான் அது வந்தது என்று விளக்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நல்லாவாடா இருந்துச்சு?" என்றார். பிறகு விரலை வைத்து, "ரெண்டு கொடம் வேற தூக்கிக்கிட்டுப் போகுது பாரேன்" என்று சிரித்தார். படத்தைத் திருப்பித் தரவில்லை. சாமி படங்களுக்குக் கீழே, காலண்டர் ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டார்.